உள்ளங்கைக் காமிராவின் மதிப்பு என்ன?

திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் சென்னைக்குச் செல்லும் புறநகர் ரயில்கள் பல போய் நிற்கும் நிலையத்துக்கு ‘மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்’ என்று பெயர். மார்க்கெட் எதுவும் கண்ணில் படாத இடத்துக்கு இப்பெயர் எப்படி வந்தது? 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, பழைய பொருள்களுக்குப் பேர்போன சந்தையாக விளங்கிய மூர் மார்க்கெட் அந்த இடத்தில்தான் இருந்தது. 1985 மே மாதம் 30ஆம் நாள் அது தீக்கிரையாயிற்று. பழைய புத்தகம், இசைத்தட்டு, கலைப்பொருள் என்று எதைத் தேடி அங்கே போனவருக்கும் ஒரு கேள்வி இருந்தது: “கொடுக்கும் காசுக்கு இது தகுமா?”

சந்தை போய்விட்டது, கேள்வி போகவில்லை. திருப்பாச்சூரில் ஒரு வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யும்போது, ஒரு விரல் நீளமே உள்ள உலோகக் காமிரா ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாமா? அல்லது ‘உளவாளிக் காமிரா’ என்று சொல்லும் ஒருவரிடம், அவர் கேட்கும் விலையைக் கொடுத்து இன்னொன்றும் வாங்கலாமா? இரண்டுமே இழப்பில் முடியக்கூடும். பழைய நுண்காமிரா ஒன்றை மதிப்பிட அதன் வயதும் சிறிய உருவமும் போதா. அந்தச் சிறிய உருவத்துக்குள் எவ்வளவு துல்லியம் அடங்கியிருக்கிறது என்பதே முதற்கேள்வி. அதை அறியும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

நுண்காமிரா என்பது எது?

1925இல் ஜெர்மனியில் லைகா காமிரா விற்பனைக்கு வந்தது. சினிமாப் படத்துக்குரிய 35 மி.மீ. அகலப் பிலிமில், 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமும் உள்ள நெகடிவை அது பதித்தது. பெரிய கண்ணாடித் தட்டுகளில் படமெடுத்துப் பழகியவர்களுக்கு அது மிகச் சிறியதாகத் தோன்றியதால் ‘மினியேச்சர்’, அதாவது சிறுகாமிரா, என்று அழைத்தார்கள். அதைவிடச் சிறிய நெகடிவைத் தரும் காமிராக்களே ‘சப்மினியேச்சர்’ என்னும் நுண்காமிராக்கள். இங்கே அளவுகோல் காமிராவின் வெளியுருவம் அன்று. அதனுள் பதியும் படத்தின் அளவு.

உருவம் குறைந்தால் வேலை கூடும்

நுண்காமிராக்களில் புகழ்பெற்றது மினாக்ஸ். அதன் நெகடிவ் 8 மி.மீ. உயரமும் 11 மி.மீ. அகலமும் கொண்டது. பரப்பளவில் இது 35 மி.மீ. நெகடிவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இதிலிருந்து 15 செ.மீ. அகலமுள்ள ஓர் அஞ்சலட்டைப் படம் போட வேண்டுமானால் 150ஐ 11ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 13.6 மடங்கு பெருக்கம் தேவை. 35 மி.மீ. நெகடிவுக்கோ 4.2 மடங்கு போதும்.

இதன் விளைவைப் பாருங்கள். கையில் பிடித்துப் பார்க்கும் படத்தில், ஒரு மில்லிமீட்டருக்கு 5 கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் நம் கண்ணுக்கு அது தெளிவான படம். அதற்கு 35 மி.மீ. நெகடிவில் மில்லிமீட்டருக்குச் சுமார் 21 கோடுகள் பதிந்தால் போதும். மினாக்ஸ் நெகடிவில் 68 கோடுகள் பதிய வேண்டும். பிலிமில் விழும் ஒரு தூசும் ஒரு கீறலும்கூட 13 மடங்கு பெருகித் தெரியும்.

அடுத்து, பிலிம் இருக்க வேண்டிய இடம். மினாக்ஸின் லென்ஸ் 15 மி.மீ. குவியத் தூரமும் எஃப் 3.5 துளையும் கொண்டது. சாதாரணக் காமிராவில் துளையைச் சுருக்கிச் சிறு பிழைகளை மறைக்கலாம். மினாக்ஸில் துளை மாறாதது. ஆகவே பிழைக்கு இடமில்லை. கணக்கிட்டுப் பார்த்தால், பிலிம் தன் இடத்திலிருந்து முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு வரைதான் விலகலாம். இரு புறமும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம்! காக்களூர் தொழிற்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகியவர்களுக்கு, பல பாகங்கள் அசையும் ஒரு பொருளில் இந்த அளவைக் காப்பது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிறுமையில் ஒரு நன்மையும் உண்டு. லென்சின் குவியத் தூரம் குறையக் குறைய, ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் கூடுகிறது. 15 மி.மீ. லென்சைச் சுமார் 7 மீட்டரில் குவித்து வைத்தால், மூன்றரை மீட்டர் முதல் அடிவானம் வரை யாவும் தெளிவாகும். அதே துளையுள்ள 50 மி.மீ. லென்சில் இந்தத் தெளிவு 12 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். இன்றைய கைபேசிக் காமிராவும் இதே கணக்கில்தான் இயங்குகிறது. பல கைபேசிகளில் ஒளியை ஏற்கும் சில்லு மினாக்ஸ் நெகடிவைவிடவும் சிறியது.

ஆக, நுண்காமிரா செய்வது சுலபம். நல்ல படம் எடுக்கும் நுண்காமிரா செய்வது அரிது. விலையின் ஏற்றத்தாழ்வுக்கு அடிப்படை இதுவே.

ரீகா நகரத்துக் காமிரா

மினாக்ஸை உருவாக்கிய வால்டர் சாப் 1905இல் லாட்வியா நாட்டின் ரீகா நகரில் பிறந்தவர். சட்டைப் பையில் எப்போதும் இருக்கக்கூடிய காமிரா வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவருடைய மாதிரியை ரீகாவிலிருந்த வி.இ.எஃப். என்னும் மின்பொருள் தொழிற்சாலை ஏற்றது. 1938இல் காமிரா சந்தைக்கு வந்தது. துருப்பிடிக்காத எஃகு உடல். மூடிய நிலையில் 8 செ.மீ. நீளம், 9.2 மி.மீ. அகலப் பிலிமில் 50 படங்கள், அரை விநாடி முதல் ஆயிரத்தில் ஒரு விநாடி வரை ஷட்டர் வேகம், 20 செ.மீ. தொலைவிலிருந்தே படமெடுக்கும் வசதி. உடலை இழுத்துத் திறந்தால் லென்ஸ் வெளிப்படும். மூடித் திறந்தால் பிலிம் ஒரு படம் நகரும்.

இரண்டாம் உலகப் போர் இக்காமிராவின் மேலேயே எழுதப்பட்டுள்ளது. லாட்வியா சுதந்திர நாடாக இருந்தபோது செய்தவற்றில் ‘லாட்வியாவில் செய்தது’ என்னும் பொறிப்பைக் காணலாம். 1940இல் சோவியத் ஒன்றியம் அந்நாட்டைச் சேர்த்துக்கொண்ட பிறகு ‘சோவியத் நாட்டில் செய்தது’ என்ற பொறிப்பு வந்தது. 1941இல் ஜெர்மானியப் படை நுழைந்தது. இந்தக் குறுகிய காலங்களின் பொறிப்பைச் சேகரிப்போர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். ரீகாவில் மொத்தம் செய்யப்பட்டவை ஏறக்குறைய 17,000 மட்டுமே.

போருக்குப் பின் ஜெர்மனியில் மினாக்ஸ் மறுபிறவி எடுத்தது. 1948இல் வந்த மாடலின் உடல் அலுமினியம். 1958இல் வந்த மினாக்ஸ் ‘பி’ மாடலில் செலீனியம் ஒளிமானி சேர்ந்தது. இந்த ‘பி’ மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. ஆகவே ‘மினாக்ஸ் என்றாலே அரிது’ என்பது சரியன்று. சாப் 2003இல் காலமானார்.

மினாக்ஸுக்கு உளவுப் புகழும் உண்டு. அது கட்டுக்கதை அன்று. சோவியத் இராணுவ உளவுத்துறைக் கர்னல் ஒலெக் பென்கோவ்ஸ்கி இரகசியத் தாள்களை மினாக்ஸால் படமெடுத்து மேலைநாடுகளுக்குக் கொடுத்தார். 1962இல் கைதாகி 1963இல் மரண தண்டனை பெற்றார். ஆனால் இலட்சக்கணக்கான மினாக்ஸ் காமிராக்களை வாங்கியவர்கள் சாதாரண மக்களே. கையிலுள்ள காமிரா உளவாளியுடையது என்றால் அதற்கு எழுத்துச் சான்று வேண்டும். சொல்லுக்கு விலை இல்லை.

குடும்பத்தின் மற்ற உறுப்பினர்

1905ஐ ஒட்டி லண்டனில் ஹௌட்டன்ஸ் நிறுவனம் ‘டிக்கா’ என்ற காமிராவை விற்றது. பார்வைக்கு அது சட்டைப்பைக் கடிகாரம். சாவி கொடுக்கும் தண்டில் லென்ஸ் ஒளிந்திருக்கும். 25 படங்கள் எடுக்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலிருந்து ‘ஹிட்’ வகைக் காமிராக்கள் ஏராளமாக ஏற்றுமதியாயின. ஒரு பக்கம் 14 மி.மீ. கொண்ட சதுரப் படம், எளிய லென்ஸ், ஒரே வேகமுள்ள ஷட்டர். பார்க்க மிக அழகு, படமோ மங்கல். வயது எழுபதுக்கு மேலானாலும் இவற்றில் பெரும்பாலானவை இன்றும் மலிவே. முன்னே கண்ட கணக்கை நினைத்தால் காரணம் விளங்கும். எனினும் இவற்றில் பல பெயர்களும் நிறங்களும் உண்டு. சில அரிய பெயர்களுக்கு மட்டும் போட்டி இருக்கிறது. அமெரிக்கா முதலிய நேச நாடுகளின் ஆட்சியில் ஜப்பான் இருந்த காலத்துப் பொறிப்பு உள்ளவற்றையும் சிலர் தேடுகிறார்கள்.

1950களில் ஜப்பானின் மினோல்டா 16, 16 மி.மீ. பிலிமில் 10க்கு 14 மி.மீ. படம் எடுத்தது. அதைப் பின்பற்றிச் சோவியத் உக்ரைனில் ‘கீவ் வேகா’ உருவானது. சுவிட்சர்லாந்தின் டெசினாவை மணிக்கட்டில் கடிகாரம்போல் கட்டிக்கொள்ளலாம்.

1972இல் கோடக் நிறுவனம் 110 என்னும் பிலிம் பெட்டியை அறிமுகப்படுத்தியது. 13க்கு 17 மி.மீ. படம், பிலிமைச் சுற்ற வேண்டாம், பெட்டியை அப்படியே உள்ளே வைத்து மூடினால் போதும். நம் நாட்டில் 1980களில் பல வீடுகளுக்குப் போன ‘ஹாட் ஷாட் 110’ இந்த வகையே. எளிய பிளாஸ்டிக் காமிராவான அதற்குச் சந்தையில் பெரிய விலை இல்லை. அதே 110 பிலிமைப் பயன்படுத்திய பென்டாக்ஸ் ஆட்டோ 110இல், லென்சைக் கழற்றி மாற்றலாம். லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கலாம். விலையும் அதற்கேற்ப உயர்வு. பிலிம் ஒன்றே, துல்லியம் வேறு.

மதிப்பிட ஐந்து கேள்விகள்

முதலாவது, எது? பெயர், மாடல், வரிசை எண், செய்த நாடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே நகைக்கடைத் தராசும் ஒரு கருவி. எஃகு உடலுள்ள ரீகா மினாக்ஸ் சுமார் 125 கிராம் இருக்கும்; அதே அளவுள்ள அலுமினிய மினாக்ஸ் ‘ஏ’ சுமார் 70 கிராம்தான். ரீகா என்று சொல்லி விற்கப்படும் காமிரா இலேசாக இருந்தால் அங்கேயே ஐயம் கொள்ளலாம்.

இரண்டாவது, எத்தனை? குறைவாகச் செய்யப்பட்டது என்பது மட்டும் போதாது. அதை விரும்பித் தேடுபவர்களும் இருக்க வேண்டும். யாரும் கேட்காத அரிய பொருளுக்கு விலை ஏறாது.

மூன்றாவது, என்ன நிலை? லென்ஸ், ஷட்டர், ஒளிமானி, உடலின் மேற்பூச்சு ஆகிய நான்கையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

நான்காவது, முழுமையா? மினாக்ஸோடு வரும் அளவுச் சங்கிலியில் மணிகள் இருக்கும். தாள்களைப் படமெடுக்கும்போது தொலைவை அளக்க அவை உதவும். சங்கிலி, தோலுறை, பிலிம் கூடு, கையேடு, விற்பனைப் பெட்டி என எல்லாம் சேர்ந்திருந்தால் மதிப்பு வெகுவாகக் கூடும். கிழிந்த கையேட்டையும் குப்பையில் போடாதீர்கள்.

ஐந்தாவது, சான்று உண்டா? நுண்காமிரா அல்லாத ஓர் எடுத்துக்காட்டு இதை நன்கு விளக்கும். லைகாவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக் தாமே பயன்படுத்திய 105ஆம் எண் காமிரா, 2022 ஜூனில் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் நடந்த ஏலத்தில் 1 கோடியே 44 இலட்சம் யூரோவுக்குப் போயிற்று. அதில் அவருடைய பெயரே பொறிக்கப்பட்டிருந்தது.

ஐந்துக்கும் விடை கிடைத்த பிறகே விலை. அப்போதும் விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காமல், ஏலங்களில் உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். கேட்பதற்கு எல்லை இல்லை, கொடுப்பதற்கு உண்டு.

வாங்குமுன் சோதனை

ஷட்டரை அரை விநாடியில் வைத்து இயக்குங்கள். திறக்கும் ஒலியும் மூடும் ஒலியும் தனித்தனியே கேட்க வேண்டும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் கைபேசியே போதும். விநாடிக்கு 240 படங்கள் பிடிக்கும் மெதுவியக்கக் காட்சியில் ஷட்டரைப் பதிவு செய்து, அது திறந்திருக்கும் படங்களை எண்ணுங்கள். அரை விநாடிக்கு 120 வர வேண்டும். 180 வந்தால் உள்ளே எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கிறது என்று பொருள். மினாக்ஸில் ஷட்டர் லென்சுக்கு முன்னால் இருப்பதால் இச்சோதனை எளிது. ஆயிரத்தில் ஒரு விநாடியை இம்முறையில் அளக்க முடியாது.

செலீனியம் ஒளிமானிக்கு மின்கலம் வேண்டாம். ஒளி பட்டால் முள் நகர வேண்டும். நகராவிட்டால் அந்தச் செல் முதுமையில் செயலிழந்திருக்கலாம். 1969இல் வந்த மினாக்ஸ் ‘சி’க்கு 5.6 வோல்ட் பாதரச மின்கலம் தேவை. பாதரசத்தின் நச்சுத்தன்மையால் அத்தகைய மின்கலங்களின் உற்பத்தி நின்றுவிட்டது. மாற்று மின்கலத்தின் அழுத்தம் வேறானால் ஒளியளவும் பிசகும்.

லென்சின் வழியாக ஒரு சிறு விளக்கைப் பாருங்கள். சிலந்திவலை போன்ற நூல்கள் தெரிந்தால் அதுவே நம் பகுதியின் முதற்பகைவன்: பூஞ்சை.

ஈரமும் பூஞ்சையும்

பழவேற்காட்டுக் கடற்கரையை அடுத்த கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலும் திருவள்ளூரிலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரப்பதம் மிக அதிகம். ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டுக்கு மேல் பல நாள் நீடித்தால், லென்சில் படிந்த தூசையும் விரல் எண்ணெயையும் உணவாகக் கொண்டு பூஞ்சை வளரும். அது சுரக்கும் அமிலம் லென்சின் மேற்பூச்சையும், பின்னர்க் கண்ணாடியையுமே அரிக்கும். பூஞ்சையைத் துடைத்துவிடலாம்; அரிப்பைத் துடைக்க முடியாது. சில மில்லிமீட்டரே அகலமுள்ள லென்சில் ஒரு சிறு அரிப்பும் படத்தின் பெரும்பகுதியை மங்கச் செய்யும்.

மருந்து எளியது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். சிறு ஈரப்பதமானி ஒன்று போதும். நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லைச் சுமார் 120 டிகிரி சூட்டில் உலர்த்தினால் மீண்டும் பயன்படும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். தோலுறை ஈரத்தை உறிஞ்சும். அதைத் தனியே வையுங்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. ஷட்டரில் எண்ணெய் விடாதீர்கள். அது தகடுகளில் பரவி ஒட்டிக்கொள்ளும். பித்தளைப் பாத்திரம் துலக்குவதுபோல் உடலைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். பழைய பூச்சு போனால் பொருளின் மதிப்பில் பெரும்பகுதியும் போகும்.

உள்ளே பிலிம் இருந்தால்

பரணில் கிடைத்த காமிராவைக் கண்டவுடன் திறந்து மூடிப் பார்க்கத் தோன்றும். பொறுங்கள். உள்ளே கழுவாத பிலிம் இருக்கலாம். ஒளி பட்ட வெள்ளி உப்புகளில் மறைந்திருக்கும் உருவம் பல ஆண்டுகள் கழித்தும் மங்கலாகவேனும் வெளிப்படக்கூடும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் வாய்ப்பு அதிகம். எண்காட்டியைப் பாருங்கள். எண் நடுவில் நின்றால், இருட்டறையில் பிலிமை எடுத்துத் தேர்ந்தவரிடம் கழுவக் கொடுப்பதே முறை. பழைய மினாக்ஸ் மாடல்களில் சும்மா மூடித் திறந்தாலே பிலிம் நகர்ந்துவிடும் என்பதையும் மறவாதீர்கள். ஐந்நூறு ரூபாய் பெறாத காமிராவுக்குள் ஒரு குடும்பத்தில் வேறெங்கும் இல்லாத முகம் ஒன்று இருக்கலாம். அந்த மதிப்பை எந்த ஏலப் பட்டியலும் காட்டாது.

புதிய பிலிமுக்கு என்ன செய்வது? உதகமண்டலத்தில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இன்று இயங்கவில்லை. 110 பிலிமை லோமோகிராஃபி நிறுவனம் 2012இல் மீண்டும் கொண்டுவந்தது. மினாக்ஸ் பயன்படுத்துவோர், 35 மி.மீ. பிலிமின் துளைகளுக்கு இடைப்பட்ட பகுதியிலிருந்து 9.2 மி.மீ. பட்டைகள் இரண்டை இருட்டில் வெட்டிப் பழைய கூட்டில் நிரப்புகிறார்கள். ஆகவே காலிக் கூட்டுக்கும் ஒரு விலை உண்டு.

சேகரிக்கத் தொடங்குவோருக்கு

இத்துறையில் இந்தியர் பின்தங்கியவர் அல்லர். 1977 முதல் சேகரித்த மும்பையின் திலீஷ் பாரேக் 4,425 காமிராக்களுடன் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார். ஆதித்ய ஆர்யாவின் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்ட ‘மியூசியோ காமிரா’ அருங்காட்சியகம் 2019இல் குருகிராமில் திறக்கப்பட்டது.

மாணவர்கள் விலையுயர்ந்த மினாக்ஸிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. உறவினர் வீட்டில் சும்மா கிடக்கும் 110 காமிரா ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரு குறிப்பேட்டில் அதன் பெயர், எண், எடை, நெகடிவின் அளவு, யாரிடமிருந்து எப்போது கிடைத்தது என்பவற்றை எழுதுங்கள். அந்தக் கடைசிக் குறிப்பே நாளைக்குச் சான்றாகும். நூறு ஆண்டு கடந்த பொருள் கிடைத்தால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தையும் நினைவில் கொள்ளுங்கள். அத்தகைய பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப அச்சட்டம் இடம் தரவில்லை.

பிறகு ஓர் அளவுகோலை எடுத்து நெகடிவின் அகலத்தை அளந்து, 150 மி.மீ. படத்துக்கு எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணுக்கு ஈடுகொடுக்கும் லென்சும் ஷட்டரும் அதற்குள் இருக்கின்றனவா என்று ஆராயுங்கள். இதைச் செய்து பழகியவரிடம், சிறியது என்பதற்காகவோ பழையது என்பதற்காகவோ ஒரு காமிராவை யாரும் அதிக விலைக்கு விற்றுவிட முடியாது.